வினாவில் வென்ற வெள்ளாட்டி

விடுகதையைத் தொல்காப்பியர் ‘பிசி’ என்று சுட்டினார். அதன் முடிச்சை அவிழ்க்கும் அறிவுடைப் பெண்ணின் கதை, காஸ்பியன் கடலோரத்துக் கல்மிக் மக்களிடத்தும் உண்டு, நம்மிடத்தும் உண்டு. நம்மிடத்து அது நூலாகவே வளர்ந்தது என்பதை நாம் போதிய அளவு எண்ணிப் பார்ப்பதில்லை.

‘மஸ்அலா’ என்னும் அரபுச் சொல் தமிழில் ‘மசலா’ என வழங்கி, ஓர் இலக்கிய வகைக்கே பெயராயிற்று. 1572இல் மதுரையில் அரங்கேறிய வண்ணப்பரிமளப் புலவரின் ‘ஆயிர மசலா’வில், யூத அறிஞராயிருந்த அப்துல்லா இப்னு சலாம் வினவ, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் விடை பகர்கின்றார்கள். ‘நூறு மசலா’வில் வினவுபவள் ஓர் அரசிளங்குமரி, விடை கூறுபவன் அப்பாஸ். ‘வெள்ளாட்டி மசலா’வோ அடிமைப் பெண்ணொருத்தியையே அறிவின் மேடையில் ஏற்றுகின்றது.

ஆயிரத்தொரு இரவுகள் கதைகளில் வரும் தவத்துத் என்பாள் அவளை ஒத்தவள். செல்வமெல்லாம் அழித்து நின்ற ஆண்டானிடம், தன்னைக் கலீபா ஹாரூன் அல் ரஷீதிடம் பத்தாயிரம் பொற்காசுக்கு விற்குமாறு அவளே யோசனை கூறுகிறாள். அவ்விலைக்கு அவள் தகுவாளோ என்று அவையறிஞர் ஒருவர் பின் ஒருவராகச் சோதிக்கின்றனர். மார்க்கச் சட்டம், மருத்துவம், வானநூல், விடுகதை என எதிலும் அவள் தடுமாறவில்லை. விடை கூறி முடித்ததும் அவள் திருப்பி வினவுகிறாள். அறிஞர்கள் வாயடைத்துப் போகின்றனர். தோற்றவர் தம் மேலாடையைக் களைந்து கொடுக்க வேண்டும் என்பது பந்தயம்! இறுதியில் கலீபா அவளைப் பொன்னோடு ஆண்டானிடமே திருப்பி அனுப்புகின்றார்.

முழுமையாகக் கிடைத்துள்ள இஸ்லாமியத் தமிழ் நூல்களுள் முற்பட்டது எது என்றால், நம் மாணவர்கள் பெயரையும் ஆண்டையும் உடனே ஒப்புவிப்பர். அந்நூலிலிருந்து ஒரே ஒரு வினாவைக் கூறுக என்றால் வகுப்பு அமைதியாகிவிடும். வினாக்களின் நூலை ஒரு மதிப்பெண் விடையாகச் சுருக்கிவிட்டோம்.

பாடத்திட்டம் பல்கலைக்கழகத்தின் கையில் என்பர் ஆசிரியப் பெருமக்கள். உண்மைதான், தமிழ்மன்றம் நம் கையில் அல்லவா? குடியாத்தத்தில் பீடி சுற்றியும் தீப்பெட்டி ஒட்டியும் கை ஓயாதிருந்த பாட்டிமார், தமிழிலும் உருதுவிலும் போட்ட விடுகதைகளை மாணவர்கள் இவ்விடுமுறையிலேயே எழுதி வரலாம். பெண்பிள்ளைக்கு இத்தனை கேள்வி எதற்கு என்று அதட்டும் பெரியோர் வெள்ளாட்டியின் கதையை ஒருமுறை படித்துப் பார்க்கட்டும்.

மன்றத்தின் அடுத்த கூட்டத்தில் மாணவியர் வினவட்டும்; ஆசிரியர்கள் விடை கூறட்டும். மேலாடைப் பந்தயம் மட்டும் வேண்டாம்.