கிறிஸ்துமஸ் விருந்துக்கு ஒரு தாள் திட்டம்



கிறிஸ்துமஸ் நெருங்கினால் நம் வீடுகளில் முதலில் எழும் கேள்வி, "என்ன சமைப்பது?" என்பதே. ஆட்டிறைச்சியா, கோழியா, பிரியாணியா, நெய்ச்சோறா என்று பேசிப் பேசியே டிசம்பர் 23ஆம் நாள் வந்துவிடும். யார் சமைப்பது, எப்போது சமைப்பது என்று மட்டும் எவரும் கேட்பதில்லை. கேட்க வேண்டிய தேவையும் இல்லை; விடைதான் எல்லாருக்கும் தெரியுமே! அம்மா சமைப்பார். 24ஆம் நாள் முழுவதும் சமைப்பார். இரவுத் திருப்பலியில் அரைத் தூக்கத்தில் அமர்ந்திருப்பார். வீடு திரும்பியதும் மீண்டும் அடுப்பு. மறுநாள் நண்பகலில் விருந்தினர் அனைவரும் உண்டு முடித்த பிறகு, ஆறிப்போன சோற்றை அடுக்களையில் நின்றபடியே உண்பார்.

இதனைத் 'தாயின் தியாகம்' என்று புகழ்ந்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம். என்னைக் கேட்டால், அதில் பாதிக்குமேல் திட்டமின்மையால் விளைந்த துன்பம் என்பேன். ஒரு தாளும் ஓர் எழுதுகோலும் டிசம்பர் முதல் வாரத்திலேயே கையில் எடுக்கப்பட்டிருந்தால், அந்த அம்மாவும் மேசையில் அமர்ந்து உண்டிருப்பார்.

"முன்கூட்டியே சமைத்தால் சுவை கெட்டுவிடும்" என்று பெரியவர்கள் மறுப்பார்கள். எல்லாப் பண்டங்களுக்கும் அது பொருந்தாது. பழ அணிச்சலை எடுத்துக்கொள்ளுங்கள். உலர்திராட்சையையும் பிற உலர்பழங்களையும் பிராந்தியிலோ ரம்மிலோ வாரக்கணக்கில் ஊறவிடுகிறார்கள். சுட்டெடுத்த பிறகும் சில வாரம் இருந்தால்தான் அதன் சுவை முதிர்கிறது. மது சேர்க்காத வீடுகளில் ஆரஞ்சுச் சாற்றில் ஊறவைக்கலாம். ஆனால் அதனைக் குளிர்பதனப் பெட்டியில் வைக்க வேண்டும், சில நாள்களுக்குள் பயன்படுத்தியும் விட வேண்டும். மலாக்காவிலும் சிங்கப்பூரிலும் யுரேசியர்கள் கிறிஸ்துமஸுக்குச் செய்யும் சூஜி அணிச்சலும் அப்படித்தான். ரவையை வெண்ணெயில் கலந்து முதல்நாள் இரவே ஊறவைத்தால்தான் ரவை நன்கு உப்பி அணிச்சல் மென்மையாகும். நம் முறுக்கும் நெய்யுருண்டையும் காற்றுப் புகாத புட்டியில் வாரக்கணக்கில் இருக்கக்கூடியவை. ஆட்டிறைச்சிப் பிரட்டலை முதல்நாளே சமைத்து, ஆறியதும் குளிர்பதனப் பெட்டியில் வைத்து, மறுநாள் நன்கு கொதிக்கும்வரை சூடாக்கிப் பரிமாறிப் பாருங்கள். மசாலை இறைச்சிக்குள் இறங்கி, அன்றன்று சமைத்ததைவிடச் சுவையாகவே இருக்கும்.

காத்திருக்க இயலாதவையும் உள. தேங்காய்ப்பால் சேர்த்த குழம்பு நம் வெப்பத்தில் விரைவில் புளித்துவிடும். அப்பளம் நமத்துவிடும். சோற்றில் கூடுதல் கவனம் வேண்டும். வெந்த சோற்றை மணிக்கணக்கில் வெளியில் வைத்தால், வேகவைத்தும் அழியாத நுண்ணுயிர் வித்துகள் முளைத்து நச்சை உண்டாக்கும். பிறகு எவ்வளவு சூடாக்கினாலும் அந்த நச்சு போவதில்லை. ஆகவே சோறும் தேங்காய்ப்பால் குழம்பும் பொரியலும் மட்டும் 25ஆம் நாள் காலை வேலையாக இருக்கட்டும். ஏனையவற்றிற்கு அதற்கு முந்திய நாள்களில் இடமுண்டு.

இப்போது வான்கோழிக்கு வருவோம். தொலைக்காட்சியில் பார்த்த ஆசையில் பேரங்காடியில் உறைந்த வான்கோழியை வாங்கிவிடுகிறார்கள். வீட்டுக்கு வந்த பிறகே அது நம் மேசை ஓவனுக்குள் நுழையாது என்று தெரிகிறது! முதலில் ஓவனை அளந்து பாருங்கள். சிறிய குடும்பத்துக்கு இரண்டு கோழிகளே போதும் என்பது என் எண்ணம். வான்கோழிதான் வேண்டும் என்றால், பிள்ளைகளை அழைத்து ஒரு கணக்கைக் கொடுங்கள்.

5 கிலோ எடையுள்ள பறவை. குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் உறைநிலை நீங்க, 2 கிலோவுக்கு ஏறத்தாழ 24 மணி நேரம் பிடிக்கும். அப்படியானால் இரண்டரை நாள். அடுப்பங்கரை மேசையில் வைத்து விரைவாக இளக்கலாம் என்று எண்ண வேண்டா. உள்ளே பனிக்கட்டியாக இருக்கும்போதே வெளிப்புறத்தில் கிருமி பெருகிவிடும். 165 பாகை செல்சியஸ் வெப்பத்தில் வேக ஏறத்தாழ 3 மணி நேரம். தொடையின் தடித்த பகுதியில் 74 பாகை எட்டியிருக்க வேண்டும். வெளியே எடுத்து அரைமணி நேரம் ஆறவிட்ட பிறகே அரிய வேண்டும். விருந்து பிற்பகல் 1 மணிக்கு என்றால், உறைபெட்டியிலிருந்து அதனை எந்நாள் எடுக்க வேண்டும்? ஓவனில் எத்தனை மணிக்கு வைக்க வேண்டும்?

22ஆம் நாள் காலை; 25ஆம் நாள் காலை 9 மணி. பின்னிருந்து முன்னோக்கி எண்ணும் இந்தக் கணக்கை நாம் வகுப்பில் 'காலமும் நேரமும்' என்ற தலைப்பில் கற்பிக்கிறோம். பேருந்து புறப்பட்ட நேரத்தையும் சேர்ந்த நேரத்தையும் வைத்து மாணவன் பயிற்சியைச் செய்து முடித்துவிடுகிறான். ஆனால் அது தன் வீட்டு அடுப்பங்கரையிலும் நடக்கிறது என்பதை அவன் அறிவதில்லை. அந்தத் தாளைப் பிள்ளையே எழுதட்டும். பண்டங்களின் பெயரைத் தமிழில் எழுதட்டும். கொத்துமல்லிக்கும் கொத்தமல்லிக்கும் வீட்டில் சிறு சண்டை வந்தால் அதுவும் நல்லதே! எதிரே யார் பொறுப்பு என்று ஒரு கட்டம் இருக்க வேண்டும். வெங்காயம் உரிப்பது, தட்டுகளைக் கழுவித் துடைப்பது, இஞ்சி பூண்டு அரைத்து உறைபெட்டியில் வைப்பது என்று ஆண்பிள்ளைகள் பெயரும் அதில் வர வேண்டும். மகளை மட்டும் அடுக்களைக்கு அழைக்கும் வழக்கத்தை இந்த ஒரு விழாவிலாவது மாற்றிப் பார்ப்போமே.

இன்னொரு காரணமும் உண்டு. பெருந்தொற்றுக்குப் பின் இடம் மாறிப்போன நம் பள்ளி ஆண்டு, 2026இல் மீண்டும் ஜனவரியில் தொடங்கியது. கிறிஸ்துமஸ் செலவும் சீருடை, காலணி, புத்தகப்பைச் செலவும் ஒரே மாதச் சம்பளத்தில் வந்து விழுந்தால், எளிய குடும்பங்கள் என்ன செய்யும்? கடைசி நாளில் கண்ணில் பட்டதையெல்லாம் வண்டியில் அள்ளிப்போடும் வீட்டில்தான் கடன் அட்டை நீள்கிறது. நவம்பர் தொடங்கி வாரந்தோறும் மாவு, சர்க்கரை, நெய், உலர்பழம் என்று கொஞ்சம் கொஞ்சமாக வாங்கினால் பாரம் தெரியாது. திறந்த இல்ல உபசரிப்புக்கு எத்தனை பேர் வருவர் என்று தலைகளை எண்ணுவதும் தாளில் நடக்கட்டும். உறவினர் ஆளுக்கொரு பண்டம் கொண்டுவந்தால் மதிப்புக் குறைந்துவிடாது. உணவை வெளியில் சொல்லி வாங்குவோரையும் நான் குறை கூறமாட்டேன். ஆனால் எல்லாவற்றையும் வாங்கிவிட்டால் பிள்ளைகளுக்கு அந்நாளில் செய்வதற்கு எதுவுமே இருக்காது.

டிசம்பர் 26 நம் நாட்டில் பொது விடுமுறை இல்லை. பலருக்கு வேலை உண்டு. எனவே எஞ்சிய உணவுக்கும் அத்தாளில் ஒரு வரி ஒதுக்குங்கள். பரிமாறிய இறைச்சியை இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிட வேண்டும். மலாக்கா உஜோங் பாசிரில் வாழும் போர்த்துகீசிய வழியினர் இதற்கென்றே ஒரு குழம்பு வைத்திருக்கிறார்கள். 'காரி டெபல்' என்பது அதன் பெயர். காய்ந்த மிளகாய், வெங்காயம், லெங்குவாஸ், புவா கெராஸ், கடுகு ஆகியவற்றை அரைத்து வதக்கி, கிறிஸ்துமஸில் மீந்த இறைச்சியைப் போட்டு, காடி ஊற்றிக் கொதிக்கவைப்பார்கள். காரமும் புளிப்பும் கண்ணில் நீர் வரவழைக்கும். 26ஆம் நாளுக்குரிய கட்டத்தில் அப்பாவின் பெயரை எழுதலாம். மசாலையை முந்திய வாரமே அரைத்து வைத்திருந்தால், வெந்த இறைச்சியை அதில் போட்டுப் புரட்டப் பெரிய கைப்பக்குவம் ஒன்றும் வேண்டியதில்லை.