டெண்டரில் தோற்பது விலையாலா, கடிகாரத்தாலா?

"விலையெல்லாம் சரியாத்தான் போட்டேனுங்க, அப்லோட்தான் ஆகலை." கோவையில் கணபதி, பீளமேடு, குறிச்சி சிட்கோ பக்கம் பட்டறை நடத்தும் நண்பர்களிடம் இந்தப் புலம்பலை அடிக்கடி கேட்கிறேன். உடனே இன்டர்நெட்டைத் திட்டுவார்கள். புதுக் கம்ப்யூட்டர் வாங்கலாமா என்றும் கேட்பார்கள். வாங்க வேண்டாம். கோளாறு கம்ப்யூட்டரில் இல்லை.

தமிழக அரசின் டெண்டர் விதிகளின்படி (2000), 2 கோடி ரூபாய் வரையிலான டெண்டருக்குப் பொதுவாகக் குறைந்தது 15 நாட்கள் அவகாசம் உண்டு. அதற்கு மேற்பட்ட தொகை என்றால் 30 நாட்கள். இதில் முதல் பத்து நாட்களை "பார்த்துக்கலாம்" என்றே கழித்துவிடுகிறோம்.

நானும் இதற்கு விதிவிலக்கல்ல. சில ஆண்டுகளுக்கு முன் நண்பரின் பம்ப் பட்டறைக்காக ஒரு டெண்டர் தயாரித்தேன். விலைக்காக இரண்டு இரவுகள் கண் விழித்தோம். மாலை மூன்று மணிக்குக் கெடு. இரண்டரை மணிக்கு டிஜிட்டல் கையெழுத்து டோக்கனைச் செருகினால், அது முந்தைய வாரமே காலாவதியாகி இருந்தது! நண்பர் ஒன்றும் சொல்லவில்லை. டீ வாங்கிக் கொடுத்தார். அதுதான் அதிகம் வலித்தது.

அன்று தெரிந்துகொண்டேன். விலை போடுவதற்கு ஆகும் நேரம் குறைவுதான். உத்யம் சான்றிதழ், ஜி.எஸ்.டி. பதிவு, மூன்று வருட ஆடிட்டர் கணக்கு, பழைய ஆர்டர் நகல் என்று தேடித் தேடி ஸ்கேன் செய்வதில்தான் நாட்கள் போகின்றன. இவை எந்த டெண்டருக்கும் மாறாதவை. டெண்டர் இல்லாத நாளில் இவற்றை பி.டி.எப். ஆக்கி ஒரே போல்டரில் போட்டு வையுங்கள்.

"கடைசி நாள் வரை காத்திருப்பதே இரும்பு விலைக்காகத்தான்" என்று பவுண்டரிக்காரர்கள் சொல்வார்கள். நியாயமான காரணம்தான். திருப்பூரிலும் மாத முதல் தேதி நூல் விலை தெரியாமல் கொட்டேஷன் கொடுக்கத் தயங்குவார்கள். ஆனால் அரசு டெண்டர் தளத்தில் ஒரு வசதி இருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. கெடு முடியும் வரை, அனுப்பிய டெண்டரைத் திருத்தி மீண்டும் அனுப்பலாம். எனவே இரண்டு நாள் முன்பே இன்றைய விலையில் ஏற்றிவிடுங்கள். விலை மாறினால் அந்த எக்ஸெல் பைலை மட்டும் மாற்றினால் போதும். ஒன்றை மறக்க வேண்டாம்: திருத்துவது வேறு, வாபஸ் வாங்குவது வேறு. வாபஸ் வாங்கிவிட்டால் அதே டெண்டரில் மறுபடி கலந்துகொள்ள முடியாது.

அங்கிருந்து இறக்கிய விலைப்பட்டியல் எக்ஸெல் பைலின் அமைப்பில் கை வைக்காதீர்கள். அழகுபடுத்துகிறேன் என்று ஒரு வரியைச் சேர்த்தாலும் தளம் ஏற்காது. எல்லாம் ஏற்றியபின் "ப்ரீஸ்" பட்டனை அழுத்தி ஒப்புகை வந்தால்தான் டெண்டர் போய்ச் சேர்ந்ததாக அர்த்தம். கெடுவுக்குக் கணக்கு அந்தத் தளத்தின் சர்வர் கடிகாரம்தான். உங்கள் மானிட்டர் மூலையில் தெரியும் நேரம் அல்ல.

டோக்கன் விஷயத்திற்கு ஒரு எக்ஸெல் ஷீட் போதும். ஒரு காலத்தில் ஒவ்வொரு சான்றிதழும் முடியும் தேதி. பக்கத்தில் அதிலிருந்து டுடே பங்ஷனைக் கழிக்கும் பார்முலா. மீதி நாள் 30க்குக் கீழே வந்தால் செல் சிவப்பாகும்படி கண்டிஷனல் பார்மட்டிங் செய்திடுங்கள். பத்து நிமிட வேலைதான். என் நண்பரின் கம்ப்யூட்டரில் இப்போது அந்த ஷீட்தான் தினமும் காலையில் முதலில் திறக்கிறது.