இடியும் வெயிலும்: தெருவுக்கொரு கண்காணிப்பாளர் தேவை

மும்பையில் ஆபத்துக் காலம் ஜூன் மாதத்தில் மழையோடு தொடங்குகிறது என்பதே பொதுவான எண்ணம். ஆனால் அண்மை ஆண்டுகளில் இந்நகரை உலுக்கிய இரு துயரங்கள் மழைக்காலத்துக்கு முன்பே நேர்ந்துவிட்டன. 2023 ஏப்ரல் 16 அன்று நவி மும்பையின் கார்கரில், திறந்த மைதானத்தில் நடந்த மராட்டிய அரசின் விருது விழாவுக்கு வந்தவர்களில் 14 பேர் வெயில் தாக்கி மாண்டனர். 2024 மே 13 அன்று மாலை வீசிய புழுதிப் புயலில், காட்கோபரில் பெட்ரோல் பங்க் மீது ராட்சத விளம்பரப் பலகை சாய்ந்து 17 உயிர்களைக் குடித்தது.

நண்பகல் வெயிலில் கூட்டம் கூட்டியது ஏன், அத்தனை பெரிய பலகையை நிற்க விட்டது யார் என்ற கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் அதிகாரத்தில் உள்ளவர்களே. ஆயினும் மற்றொரு கேள்வியும் எழுகிறது. ஆபத்து நெருங்குவதைக் கண்ணால் கண்டு, உரிய இடத்துக்கு உடனே தெரிவிக்கப் பயிற்சி பெற்றவர்கள் ஊருக்குள் எத்தனை பேர் இருக்கிறார்கள்?

ராடார் காணாதது

இந்திய வானிலைத் துறைக்கு மும்பையில் கருவிகள் இல்லாமல் இல்லை. கொலாபாவில் டாப்ளர் ராடார் இருக்கிறது. வெராவலியில் மற்றொன்று 2022 ஜனவரியில் இயங்கத் தொடங்கியது. அடுத்த மூன்று மணி நேரத்துக்கான எச்சரிக்கையும் அவ்வப்போது வெளியாகிறது.

ஆனால் ராடார் பார்ப்பது மேகத்தை, தெருவை அல்ல. பூமி உருண்டையாதலால் தொலைவு கூடக்கூட ராடார் கதிர் தரையைவிட்டு உயர்ந்து செல்கிறது. கீழே காற்று மரத்தை முறிக்கிறதா, ஆலங்கட்டி விழுகிறதா என்பதை அங்கே நிற்பவர்தான் சொல்ல முடியும். கோடை இடிமேகங்கள் பல சமயங்களில் மேற்குத் தொடர்ச்சி மலையையொட்டித் திரண்டு நகரை நோக்கி வருகின்றன. கர்ஜத்திலோ பத்லாபூரிலோ இருப்பவர் கண்டதை உடனே சொன்னால், முலுண்டில் இருப்பவருக்கு அரை மணி அவகாசமாவது கிடைக்கக்கூடும்.

வெயிலின் கதையும் இதுவே. வெப்பமானி புல்தரைக்கு மேல், நிழலும் காற்றோட்டமும் உள்ள வெள்ளைப் பெட்டிக்குள் இருக்கிறது. தாராவியில் தகரக் கூரையின் கீழ் தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்திருப்பவர் தாங்கும் சூட்டை அது காட்டாது. கடலோர நகரில் 37 டிகிரியை எட்டி, வழக்கத்தைவிட 4.5 டிகிரி கூடினால்தான் வெப்ப அலை என்பது துறையின் வரையறை. புழுக்கம் மிகுந்த மும்பையில் அதற்கு முன்பே உடல் சோர்ந்துவிடுகிறது.

இரண்டு மணி நேரப் பயிற்சி

அமெரிக்காவில் அரசின் வானிலைத் துறை ‘ஸ்கைவார்ன்’ என்ற பெயரில் மூன்றரை லட்சத்துக்கும் அதிகமான தொண்டர்களைப் பழக்கி வைத்திருக்கிறது. வகுப்பு சுமார் இரண்டு மணி நேரமே. எதைக் கவனிப்பது, யாரிடம் சொல்வது, தன்னை எப்படிக் காத்துக்கொள்வது என்ற மூன்றும்தான் பாடம்.

இவை கடினமானவை அல்ல. மின்னலுக்கும் இடியோசைக்கும் இடையே மூன்று விநாடி என்றால் மின்னல் ஒரு கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. 30 விநாடிக்குள் ஓசை கேட்டால் கட்டடத்துக்குள் சென்றுவிட வேண்டும். கடைசி இடி கேட்டு அரை மணி கழித்தே வெளிவர வேண்டும். முழு மரமே ஆடி, எதிர்க்காற்றில் நடப்பது சிரமமானால் வேகம் மணிக்கு 50 கிலோமீட்டருக்கு மேல். ஆலங்கட்டி நெல்லிக்காய் அளவா, எலுமிச்சை அளவா என்று சொன்னாலே போதும்.

வெயில் காலத்தில் தொண்டரின் பார்வை வானத்தைவிட்டு வாசற்படிகளுக்குத் திரும்ப வேண்டும். தனித்திருக்கும் முதியவர் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும். உடல் கொதித்து, பேச்சுக் குழறினால் நிழலில் கிடத்தி, ஈரத்துணியால் துடைத்து விசிறி, 108க்குச் சொல்ல வேண்டும். நினைவிழந்தவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

திட்டத்தில் உள்ள இடைவெளி

2022ஆம் ஆண்டில் மட்டும் நாட்டில் மின்னல் தாக்கி 2,887 பேரும் வெயில் தாக்கி 730 பேரும் இறந்ததாகத் தேசியக் குற்ற ஆவணக் கூடம் கூறுகிறது. வெயில் சாவுகள் பல வேறு நோயின் பெயரில் பதிவாவதால் உண்மை எண்ணிக்கை கூடுதலாகவே இருக்கும். 2010 மே மாத வெப்பத்தில் ஆமதாபாதில் வழக்கத்தைவிட 1,344 பேர் அதிகமாக இறந்தது ஆய்வில்தான் புலப்பட்டது. அதன் பிறகே அந்நகரம் 2013இல் வெப்பத் தடுப்புத் திட்டம் வகுத்தது.

மத்திய அரசின் ‘ஆப்த மித்ரா’ திட்டம் 350 மாவட்டங்களில் ஒரு லட்சம் தொண்டர்களைப் பழக்கும் நோக்கம் கொண்டது. ஆனால் அம்மாவட்டங்கள் வெள்ளம், புயல், நிலச்சரிவு, நிலநடுக்கம் ஆகியவற்றை வைத்தே தேர்ந்தெடுக்கப்பட்டன. இடியும் வெயிலும் அந்த அளவுகோலில் இல்லை.

பயிற்சி மட்டும் போதாது. தொண்டர் சொல்வதை எடுத்துக்கொள்ள மறுமுனையில் ஆள் வேண்டும். மாநகராட்சியின் 1916 எண்ணில் வரும் தகவல் உடனே வானிலை அலுவலகத்துக்கும், அங்கிருந்து எச்சரிக்கையாகப் பேட்டைகளுக்கும் போய்ச் சேர வேண்டும். கண்டதை மட்டுமே சொல்லும் ஒழுங்கு இல்லாவிடில், தொண்டர் படையே வதந்திக்கு வாயிலாகிவிடும்.

மும்பைத் தமிழர்களுக்கு இதில் தனி அக்கறை உண்டு. தாராவியிலும் சயான் கோலிவாடாவிலும் எழுதப் படிக்கத் தெரியாத மூத்தோருக்கு, கைப்பேசியில் மராத்தியிலோ ஆங்கிலத்திலோ வரும் எச்சரிக்கை வெறும் ஓசைதான். அதை அவர்கள் மொழியில் வாசலில் நின்று சொல்ல ஆள் வேண்டும். மாட்டுங்கா முதல் முலுண்டு வரையுள்ள தமிழ்ச் சங்கங்களும் கோயில் கமிட்டிகளும் நினைத்தால், சாலுக்கு இருவரைத் தேர்ந்தெடுத்து மார்ச் மாதத்துக்குள் பயிற்சிக்கு அனுப்பலாம். விழாவுக்குப் பந்தல் போடத் தொண்டர்களைத் திரட்டத் தெரிந்தவர்களுக்கு இது பெரிய காரியமல்ல. அந்தப் பயிற்சியை நடத்தித்தரும் பொறுப்பு மட்டும் அரசினுடையது. அதைத் தட்டிக் கழிக்க இடம் தரக்கூடாது.