கோடரி ஓங்கினோம், குடம் ஏந்தினோமா?

எல்லையிலே நிற்கும் பகைவனை அடையாளம் காண்பது எளிது. ஊருக்குள்ளே வந்து, உறவினன்போல உட்கார்ந்துவிட்டவனை விரட்டுவதுதான் அரிது. சாணார்பட்டி வட்டாரத்துக் குளங்களிலே, ஓடைக்கரைகளிலே, மேய்ச்சல் தரிசுகளிலே அப்படி உட்கார்ந்துவிட்டவன் ஒருவன் உண்டு. வேலிக்காத்தான் என்பர் சிலர். சீமைக்கருவேலம் என்பர் பலர். வேலியைக் காக்க வந்தவன் வயலுக்குள் நுழைந்தான்; அடுப்புக்கு விறகாக வந்தவன் குளத்துக்கே உரிமையாளன் ஆனான். மழைநீர் நிற்கவேண்டிய இடத்திலே முள் நிற்கிறது. மாடு மேயவேண்டிய இடத்திலே மாட்டின் காலைக் கிழிக்கும் புதர் நிற்கிறது.

அந்த முள்ளை அகற்றிட இளைஞர்கள் இன்று அணி அணியாகக் கிளம்புகின்றனர். கூலி கேட்கவில்லை, கோடரி கேட்கின்றனர். விடுமுறை நாளை வீட்டிலே கழிக்காமல், வெயிலிலே நின்று வியர்வை சிந்துகின்றனர். மகிழ்கிறோம், மனமார வாழ்த்துகிறோம். வாழ்த்திய வாயாலேயே ஒரு கேள்வியும் கேட்டிடக் கடமைப்பட்டிருக்கிறோம். வெட்டிய பின்னர் என்ன செய்தோம்?

தோழர்களே! இந்த முள் தானாக நடந்து வந்ததன்று, கொண்டுவரப்பட்டது. காமராசர் ஆட்சியிலேதான் இது வந்தது என்று திண்ணையிலே பேசுவோர் உண்டு. வரலாறு அப்படிக் கூறவில்லை. 1870-களிலேயே, வெள்ளையர் ஆட்சியின் வனத்துறை அதிகாரி பெடோம் என்பார், வறண்ட நிலத்திலே விறகு விளைவிக்க இதன் விதையைக் கேட்டுப் பெற்றார். அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த கடப்பைப் பகுதியிலே அது விதைக்கப்பட்டது. பின்னர் வந்த ஆட்சிகளும் விறகுக்கும் வேலிக்கும் இதனையே பரப்பின. இங்கே 'சீமை' என்ற அடைமொழி; டெல்லியிலே இதற்கு 'விலாயதி கீகர்' என்று பெயர் - அதற்கும் அயல்நாட்டுக் கருவேலம் என்றே பொருள். பெயரிலேயே பிறந்த ஊரைச் சுமந்து திரியும் மரம் இது!

சிறுமலைச் சரிவிலே படர்ந்து கிடக்கும் உண்ணிச்செடியின் கதையும் அதுவே. 1800-களின் தொடக்கத்திலே, கல்கத்தா தாவரத் தோட்டத்துக்கு அழகுக்காக அழைத்துவரப்பட்ட அமெரிக்கப் பூச்செடி அது. கோவலனும் கண்ணகியும் மதுரைக்குச் செல்லும் வழியைக் கூறுமிடத்திலே, சிலப்பதிகாரம் பாண்டியனின் சிறுமலையைக் காட்டுகிறது. வாழையும் கமுகும் தெங்கும் மாவும் பலாவும் சூழ்ந்த மலையாகக் காட்டுகிறது. இளங்கோ காட்டிய அந்த மலையிலே, இன்று கால்வைக்க இடம் தராமல் பின்னிக் கிடக்கிறது விருந்தாளியாக வந்த பூச்செடி.

இதற்கும் முந்திய கதை ஒன்று உண்டு. அதிலேதான் நமக்குரிய பாடம் இருக்கிறது. சப்பாத்திக் கள்ளியைக் கண்டிருப்பீர்கள். அதுவும் அமெரிக்காவிலிருந்து வந்ததே. 1795-ஆம் ஆண்டிலே, கள்ளியிலே வாழும் சாயப்பூச்சி என எண்ணிப் பிரேசிலிலிருந்து ஒரு பூச்சியைக் கொண்டுவந்தது கிழக்கிந்தியக் கம்பெனி. சிவப்புச் சாயம் எடுத்துச் செல்வம் குவிக்கலாம் என்பது திட்டம். வந்ததோ வேறு பூச்சி! எதிர்பார்த்த தரமான சாயம் கிடைக்கவில்லை, அந்தப் பூச்சி கள்ளியைத் தின்று தீர்த்தது. அதன் வாய்க்குத் தப்பிய வேறு கள்ளி வகை பரவிற்று. 1926-இல் இலங்கையிலிருந்து மற்றோர் இனப் பூச்சி கொண்டுவரப்பட்டது. சில ஆண்டுகளுக்குள் தென்னாட்டிலே பரந்து கிடந்த கள்ளிக்காடு கருகிற்று.

கள்ளி ஒழிந்தது, காடு வந்ததா? இல்லை! கள்ளி ஆண்ட தரிசுகள் பலவற்றிலே, பிற்காலத்திலே வேலிக்காத்தான் ஆளக் கண்டோம். காலியான அரியணை காலியாகவே இருப்பதில்லை. உரியவரை நாம் அமர்த்தாவிடின், ஓடி வருபவன் அமர்ந்துகொள்வான். அரசியலுக்கும் இது பொருந்தும். ஆற்றங்கரைக்கும் இது பொருந்தும்.

சீமைக்கருவேலத்தின் போர்முறையை அறியாமல் அதனோடு போரிடுவது வீண். அதன் காய் இனிப்பு. ஆடு தின்னும், மாடு தின்னும். கொட்டையோ செரிக்காது, சாணத்தோடு விழுந்து, எருவோடு முளைக்கிறது. முளைக்காத விதை மண்ணுக்குள்ளே ஆண்டுக்கணக்கிலே காத்துக் கிடக்கும். மண்மட்டத்துக்கு மேலே வெட்டினால், அடிக்கட்டை பல கிளைகளாகத் துளிர்க்கும். கோடரியால் வெட்டிவிட்டு, குவித்து வைத்துப் படம் எடுத்துக்கொண்டு வீடு திரும்பும் தோழன், மரத்தை ஒழித்தவன் ஆகான். அதற்கு முடிதிருத்தி விட்டவனே ஆவான்! மண்ணுக்குக் கீழே அடிவேரோடு அகற்றிட வேண்டும். மழை பெய்து மண் இளகிய வேளை அதற்கு ஏற்றது. அடுத்த மழையிலே முளைக்கும் கன்றுகளைக் கையாலே பிடுங்கிட வேண்டும். அதற்கடுத்த மழைக்கும் போகவேண்டும். உண்ணிச்செடியையும் அப்படியே, மண்ணுக்கடியிலே வேரை அறுத்துத் தூக்கி, தலைகீழாகக் கவிழ்த்து வைத்தால் மீண்டும் வேர் பிடிக்காது என்று வல்லுநர் காட்டியுள்ளனர்.

மேடையிலே பேசுவோருக்கும் ஒரு சொல். காற்றிலுள்ள ஈரத்தையெல்லாம் இம்மரம் உறிஞ்சுகிறது என்றும், இதன் நிழலிலே கட்டிய பசு மலடாகும் என்றும் முழங்குகிறோம். அவற்றுக்குச் சான்று இல்லை. நிலத்தடி நீரை நாடி ஆழ வேரோடுகிறது, புல்லையும் பிற செடிகளையும் வளரவிடாமல் நெருக்குகிறது, நீர்வழியை அடைக்கிறது - இந்த மூன்றும் உண்மை. உண்மை மூன்று கையிலே இருக்க, பொய் இரண்டை இரவல் வாங்குவானேன்?

சட்டம் நம் பக்கம் இல்லை என்று சொல்வதற்கும் இடமில்லை. வைகோ தொடுத்த வழக்கிலே, சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சீமைக்கருவேலத்தை அகற்றுமாறு ஆணையிட்டு, 2017-இன் தொடக்கத்திலே தென்மாவட்டங்கள் எங்கும் கோடரிச் சத்தம் கேட்டது. அவ்வாண்டிலேயே இடையிலே தடை வந்தது. பின்னர் தடை விலகிற்று. 2022-ஆம் ஆண்டிலே, அயல் களைகளை அகற்றிக் காடுகளை மீட்பதற்கெனத் தமிழ்நாடு அரசு தனிக் கொள்கையே வெளியிட்டது. அந்தக் கொள்கையின் பெயரிலேயே இரண்டு பகுதிகள் உண்டு: ஒன்று களை, மற்றொன்று மீட்பு. முதற் பகுதியை மட்டும் படித்துவிட்டு ஏட்டை மூடிவிடுகிறோம்!

மீட்பு என்பது என்ன? நம் திண்டுக்கல் மாவட்டத்திலேயே விடை இருக்கிறது. கொடைக்கானல் மலையிலே, தோல் பதனிடும் பட்டைக்காகச் சீகை மரத்தை அரசே நட்டது. புல்வெளியும் சோலையும் அதிலே மூழ்கின. அங்கே சோலைக் கன்றுகளை நாற்றங்காலிலே வளர்த்து, ஆண்டுகள் பல உழைத்தது வட்டக்கானல் பாதுகாப்பு அறக்கட்டளை. அவ்வாறு உழைத்தோர் கண்டறிந்த செய்தி வியப்புக்குரியது: அந்நிய மரத்தின் நிழலிலேயே நம் சோலைக் கன்றுகள் மெல்லத் தலைதூக்குகின்றன. எனவே ஒரே நாளிலே மொட்டையடித்தல் ஆகாது. பார்த்து, பகுத்து, படிப்படியாக அகற்றுதல் வேண்டும் என்றனர்.

சமவெளிக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும். 2022 அக்டோபரிலே, கரூர், திண்டுக்கல் மாவட்டங்களிலே 11,806 ஹெக்டேர் பரப்பிலே கடவூர் தேவாங்குச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. இந்தியாவிலே தேவாங்குக்கென எழுந்த முதற் சரணாலயம் அது. பயிர்களைக் கெடுக்கும் பூச்சிகளைத் தின்று உழவனுக்கு உதவும் அந்தச் சிற்றுயிர், கிளைவிட்டுக் கிளை தொற்றியே வாழ்கிறது. ஒரே வீச்சிலே வெட்டவெளி ஆக்கினால் அதன் பாதை அறுந்துபோகும். இராமநாதபுரம் மாவட்டத்துச் சித்திரங்குடியிலும் காஞ்சிரங்குளத்திலும் நீர்ப்பறவைகள் இந்தச் சீமைக்கருவேலத்தின்மீதே கூடு கட்டுகின்றன. வேறு மரம் விட்டுவைத்தோமா நாம், அவை வேறிடம் தேட?

பறவைக்குக் கூடு என்றால், ஏழைக்கு அடுப்பு. இராமநாதபுரத்திலும் சிவகங்கையிலும் விருதுநகரிலும் மழை பொய்த்த ஆண்டுகளிலே கஞ்சி வார்த்தது எது? இந்த முள்மரத்தின் கரிமூட்டம்! விறகு கட்டித் தலையிலே சுமந்து விற்றுக் குழந்தையைப் படிக்கவைத்த தாயிடம் சென்று, "அம்மா, இது நச்சுமரம், நாளை முதல் இல்லை" என்று சொன்னால், "நல்லது ஐயா, நாளை உலைக்கு என்ன வைப்பது?" என்று அவள் கேட்பாள். அந்தக் கேள்விக்கு விடை கூறாத திட்டம் மக்கள் திட்டம் ஆகாது. விடை கூறமுடியாதா? முடியும். நீலகிரிப் பகுதியிலே, உண்ணிச்செடித் தண்டுகளைக் கொண்டு பழங்குடிக் கலைஞர்கள் பின்னிய நூற்றுக்கு மேற்பட்ட யானைகள், 2021-இல் இலண்டன் மாநகரப் பூங்காக்களிலே அணிவகுத்து நின்றன. முதுமலைக் காட்டை அடைத்த மஞ்சள் கொன்றை, கரூர் மாவட்டத்துக் காகித ஆலைக்கு மூலப்பொருளாகச் சென்றது. களையும் கூலியாகும்; அந்தக் கூலி ஒப்பந்தக்காரரின் பெட்டிக்குப் போகாமல், வெட்டியவனின் கைக்கு வரவேண்டும்.

இன்னும் ஒன்று, எல்லாவற்றிலும் ஆபத்தானது. முள் நின்றவரை அந்தப் புறம்போக்கை எவரும் திரும்பிப் பார்க்கவில்லை. முள் போனதும் நிலம் பளிச்சிடுகிறது. பளிச்சிட்டதும் பலருடைய கண் அங்கே செல்கிறது. இன்று வேலி, நாளை கொட்டகை, மறுநாள் பட்டா! ஊர்ப் பிள்ளைகள் வியர்வை சிந்தித் துப்புரவாக்கிய நிலம், ஒருவரின் தோப்பாக மாறிடுமானால், நாம் அகற்றியது சிறு முள். வளர்த்தது பெரு முள். குளத்தின் எல்லையை முன்னரே அளந்து கல் நடச் செய்வதும், கிராமசபையிலே தீர்மானம் போட்டுப் பதிவேட்டிலே ஏற்றுவதும் கோடரி எடுப்பதற்கு முந்திய வேலை.

ஆகவே தோழர்களே, சாணார்பட்டி ஒன்றியத்திலும் அதுபோன்ற ஒவ்வோர் ஒன்றியத்திலும் ஆகவேண்டியது இது. ஊர் முழுவதையும் ஒரே நாளிலே வெட்ட வேண்டா. ஒரு குளம் போதும். அதன் எல்லையை உறுதி செய்யுங்கள். பகுதி பகுதியாக, வேரோடு அகற்றுங்கள். விறகை அவ்வூர் ஏழைகளுக்கே உரிமையாக்குங்கள். கரைக்குப் பனை, மருது, நாவல், புங்கன்; தரிசுக்கு உசில், வெள்வேல், இலந்தை, ஆத்தி, வேம்பு - மண்ணுக்கு உரியவற்றை நடுங்கள். மேய்ச்சல் நிலமெனில் மரக்காடு ஆக்கிட முயலவேண்டா; அங்கே புல்லே செல்வம். பூ அழகாயிருக்கிறது என்று மீண்டும் ஓர் அந்நியச் செடியை நடவேண்டா. பழைய பிழைக்குப் புதிய பெயர் அது.

பின்னர், கன்று தானே காலூன்றி நிற்கும் வரை, கோடை தோறும் குடம் சுமந்து செல்லுங்கள். மழை தோறும் முளைத்த முள்ளைக் களையுங்கள். அந்நாட்களிலே மாலை விழாது, மேளம் ஒலிக்காது, படம் எடுப்போர் வாரார். கூட்டத்தோடு கோடரி தூக்குவது எவருக்கும் எளிது. கூட்டம் கலைந்த பிறகு, சித்திரை வெயிலிலே, தனியனாய் ஒரு குடம் நீர் சுமந்து சென்று ஓர் உசிலங்கன்றின் காலடியிலே ஊற்றுகிறவன் எவனோ, அவனே ஊரின் தொண்டன். அவனைப் போன்றோர் ஊருக்குப் பத்துப்பேர் கிடைத்தால், முள் ஒழிந்த இடத்திலே காடு வரும். காடு வந்த இடத்திலே முள் வராது!