பினாயில் வாசம்

அம்மா தீர்ப்புச் சொல்லிவிட்டார். "சாக்குல போட்டுக் கட்டி, வேளந்தாவளம் சந்தைப்பக்கம் உட்டுட்டு வாங்க. பொழைச்சாப் பொழைக்கட்டும்."

குற்றம் சாட்டப்பட்ட ஆசாமி அப்போது அரிசி மூட்டைக்குப் பின்னால் பதுங்கியிருந்தது. வயது ஐந்து வாரம் இருக்கலாம். எடை அரைக் கிலோ தேறாது. தேங்காய் மட்டைக் குவியலுக்குள் கத்திக்கொண்டு கிடந்ததை அக்கா மகன் சட்டைக்குள் போட்டுத் தூக்கி வந்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. அதற்குள் மூட்டை இடுக்கு, துவைக்கப் போட்ட துணி, கடலைத் தோல் கொட்டி வைத்திருந்த கூடை என்று மூன்று இடங்களில் கைவரிசை காட்டிவிட்டது. ஒவ்வொரு முறையும் அக்கா பினாயில் பாட்டிலைத் தூக்கினாள். வீடு முழுக்க ஆஸ்பத்திரி வாசம்.

அம்மாவின் கோபத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. அக்கா மகள் ஆறு மாதக் கர்ப்பிணி. பிரசவத்துக்காகத் தாய்வீடு வந்திருக்கிறாள். 'மாசமா இருக்கிறவ இருக்கிற வீட்டில் பூனை ஆகாது' என்பது அம்மாவின் கட்சி. நான் விடுமுறைக்குப் போனவள். பத்திரிகையில் எழுதுகிறவள் என்பதால் இந்த வழக்கில் கருத்துச் சொல்லும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

எங்கள் ஊர் வடகரப்பதி, பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில் இருக்கிறது. பஞ்சாயத்து கேரளத்தைச் சேர்ந்தது. பேச்சு பெரும்பாலும் தமிழ். மழையும் தமிழ்நாட்டுப் பக்கத்து மழைதான், அதாவது குறைவு. மண்ணுக்குப் பஞ்சமில்லாத இந்த ஊரில் ஒரு பூனைக்குட்டிக்குப் பிடி மண் கிடைக்கவில்லை என்பதுதான் வேடிக்கை. நான் சின்னவளாக இருந்தபோது எங்கள் வீட்டுப் பூனைகள் எங்கே 'வெளிக்கு' போயின என்று யாரும் கவலைப்பட்டதில்லை. வாசலைத் தாண்டினால் மண். இன்று வாசலில் சிமெண்ட், பின்கட்டில் டைல்ஸ். வெளியே விடலாம் என்றால் தெரு நாய்கள்.

பூனைக்குட்டிக்கு யாரும் சுத்தம் கற்றுத்தர வேண்டியதில்லை. பிறந்து மூன்று வாரம் வரை அதனால் தானாகக் கழிக்கவே முடியாது. தாய்ப்பூனை அடிவயிற்றை நக்கிவிட்டால்தான் மூத்திரம் வரும், மலமும் வரும். அதையும் தாயே நக்கிச் சுத்தம் செய்துவிடும். தாயில்லாத குட்டியை எடுத்து வளர்க்கிறவர்கள் பால் கொடுத்தபின் வெதுவெதுப்பான ஈரப் பஞ்சால் ஒற்றி அந்த வேலையைச் செய்ய வேண்டும். மூன்று, நான்கு வாரத்தில் குட்டி தானாகவே பொலபொலப்பான எதையாவது தேடிப் பறிக்க ஆரம்பிக்கும். பறித்து, கழித்து, மோந்து பார்த்து, மூடும். எங்கள் குட்டி கடலைத் தோல் கூடையைத் தேர்ந்தெடுத்தது திமிரால் அல்ல. அந்த வீட்டில் கால் புதைகிற ஒரே இடம் அதுதான்.

வீட்டுப் பூனையின் மூதாதை, வட ஆப்பிரிக்காவிலும் மேற்காசியாவிலும் வறண்ட பூமியில் திரிந்த காட்டுப்பூனை. தண்ணீரை மிச்சம் பிடிக்கும் சிறுநீரகம் அதற்கு. மூத்திரம் கெட்டியாக இறங்குவதும் நெடி தூக்குவதும் அதனால்தான். (தொல்காப்பியர் மரபியலில் வெருகின் இளசுக்குக் குட்டி என்றும் பறழ் என்றும் பெயர் தந்திருக்கிறார். அது எங்கே கழிக்கும் என்று சொல்லாமல் விட்டது எங்களைப் போன்றவர்களுக்கு நஷ்டம்.)

வழக்கு இப்படி ஓடிக்கொண்டிருந்தபோதே மூன்றாம் நாள் சாயங்காலம் குட்டிக்கு வாயில் எச்சில் ஒழுகியது. நடந்தால் பின்னங்கால் தள்ளாடியது. அக்கா மகன் அழுதுகொண்டே அதைத் துண்டில் சுற்றினான். கால்நடை மருத்துவர் குட்டியை மோந்து பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி: "தரைக்கு என்ன ஊற்றிக் கழுவினீங்க?"

பினாயில் நமக்குச் சுத்தத்தின் அடையாளம். பூனைக்கு அது விஷம். தார் எண்ணெயிலிருந்து வரும் ஃபீனால் வகைப் பொருள்களை நம் ஈரல் ஒரு சர்க்கரை அமிலத்தோடு கட்டி வெளியே தள்ளிவிடுகிறது. அந்தக் கட்டும் வேலையைச் செய்கிற நொதி பூனையின் ஈரலில் ஏறக்குறைய இல்லை. ஈரத் தரையில் நடக்கிறது, பாதத்தை நக்குகிறது, விஷம் உள்ளே போய்த் தங்குகிறது. அரைக் கிலோ உடம்புக்கு அதிகம் தேவையில்லை. தண்ணீரில் விட்டதும் பால்போல வெளுக்கிற கிருமிநாசினிகளில் பலவும் இந்த ஜாதிதான். வெள்ளைப் பினாயிலில் இருக்கும் பைன் எண்ணெயும் ஆகாது. காய்ச்சலுக்கு நாம் போட்டுக்கொள்ளும் பாரசிட்டமால் ஒரே மாத்திரையில் ஒரு பூனையைக் கொன்றுவிடக் காரணமும் இந்த ஈரல் குறைதான். இப்படி ஆகிவிட்டால் சாதாரணச் சோப்புத் தண்ணீரில் காலையும் வயிற்றையும் கழுவித் துடைத்து, உடனே டாக்டரிடம் ஓட வேண்டும். வாந்தி எடுக்கவைக்கப் பார்ப்பது ஆபத்து.

குட்டி பிழைத்துக்கொண்டது. ஒரு ராத்திரி முழுக்க அக்கா மகனின் மடியில் கிடந்தது. அக்கா யாரிடமும் பேசவில்லை.

டாக்டர் சொன்ன இரண்டாவது விஷயம் அம்மாவைத் தாக்கியது. "பால் கொடுத்தீங்களா?" கொடுத்தோம். பூனைக்குப் பால் வைக்காத தமிழ் வீடு உண்டா? பாற்கடலை நக்கிக் குடிக்கப் போன பூனையைக் கம்பரே அவையடக்கத்தில் பாடியிருக்கிறார். ஆனால் தாய்ப்பால் மறக்கும் வயதில் பல குட்டிகளுக்குப் பசும்பாலில் உள்ள சர்க்கரை செரிக்காது. வயிறு போகும். துணி மேல் பேதி போனதில் பாதிக் குற்றம் அம்மாவின் பால் கிண்ணத்துக்கு. மீதி குடற்புழுவுக்கு, அதற்கு மருந்து தந்தார். பாலை நிறுத்தி, வேகவைத்த கோழியையும் மீனையும் உப்புக் காரமில்லாமல் பிசைந்து கொடுக்க ஆரம்பித்தோம். இரண்டு நாளில் பேதி நின்றது.

இனி அந்தச் சட்டிக்கு வருகிறேன். ஆங்கிலத்தில் இதற்கு 'லிட்டர் பாக்ஸ்' என்று பெயர். மொழிபெயர்க்கிறவளுக்கு இது ஒரு சங்கடம். தமிழில் எழுதினால் பால் அளக்கிற லிட்டர் ஆகிவிடுகிறது. ஆங்கிலத்திலோ அந்த ஒரே சொல்லுக்குக் குப்பை, ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகள், மாட்டுக்குப் பரப்பும் வைக்கோல் என்று பல பொருள். லத்தீனில் படுக்கையைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது. நாங்கள் 'மண் சட்டி' என்றே வைத்துக்கொண்டோம். நிஜமாகவே அது கொத்தனார் சாந்து அள்ளுகிற சட்டிதான். அகலம் உண்டு, விளிம்பு தாழ்வு, குட்டி ஏறி இறங்கலாம்.

அதில் எதைப் போடுவது? 1947 வரை அமெரிக்காவிலும் மணல், சாம்பல், மரத்தூள்தான். அந்த ஆண்டு மிச்சிகன் மாநிலத்தில் எட் லோ என்பவரிடம் பக்கத்து வீட்டம்மாள் பூனைக்கு மணல் கேட்டார். பனியில் மணல் உறைந்திருந்தது. லோவின் குடும்பம் தொழிற்சாலைத் தரையில் சிந்தும் எண்ணெயை உறிஞ்சுகிற களிமண் துகள் விற்றுக்கொண்டிருந்தது. அதில் கொஞ்சம் கொடுத்தார். ஒரு பெரிய வியாபாரம் அங்கே பிறந்தது. அவர் கொடுத்தது ஃபுல்லர்ஸ் எர்த், நம் பெண்கள் முகத்துக்குப் பூசும் முல்தானி மட்டியின் சாதி. பின்னால், ஈரம் பட்டால் உருண்டையாகத் திரள்கிற பென்டோனைட் வந்தது. குஜராத்தின் கட்ச் பகுதியில் அதை வெட்டிக் கப்பலேற்றுகிறார்கள்.

பென்டோனைட்டில் பெரும்பங்கு மான்ட்மோரில்லனைட் என்ற களிமண் கனிமம். மழையில் உப்பி, கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கிற கரிசலிலும் நிறைந்திருப்பது அதுதான். கேரளத்திலேயே கரிசல் இருப்பது எங்கள் சித்தூர் தாலுகாவில்தான். பணம் கொடுத்துப் பாக்கெட்டில் வாங்குவதன் பங்காளி நம் காட்டிலேயே கிடக்கிறதே என்று எனக்கு ஒரே உற்சாகம். ஒரு கூடை அள்ளி வந்து கொட்டினேன். மறுநாள் குட்டியின் நான்கு பாதங்களிலும் சேறு அப்பிச் செருப்புப் போட்டதுபோல் ஆகிவிட்டது. அக்கா சிரித்தாள், நான்கு நாளில் முதல் தடவையாக. கடையில் கிடைக்கும் திரளும் மண்ணும் சின்னக் குட்டிக்கு ஆகாது. வாயில் போட்டுப் பார்க்கிற வயதில் வயிற்றுக்குள் போய் உப்பிவிடும். மூன்று நான்கு மாதம் போகட்டும்.

வழி சொன்னது அம்மாதான். எங்கள் வீட்டில் கடலை வறுக்க ஒரு இரும்புச் சட்டியும் மணலும் உண்டு. "மண்ணை வறுத்துப் போட்டா என்ன?" என்றார். வறுத்த மணல் பாதி, பொள்ளாச்சிப் பக்கமிருந்து வந்த தென்னை நார்த் தூள் பாதி. நார்த் தூள் தன் எடையைப்போலப் பல மடங்கு தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும், நெடியும் குறையும். தூங்கி எழுந்ததும், சாப்பிட்டு முடித்ததும் குட்டியைத் தூக்கிச் சட்டிக்குள் விட்டோம். இரண்டாம் நாள் அதுவாகவே போனது. கடலைத் தோல் கூடையை மறைத்து வைத்ததும் உதவியது என்று ஒப்புக்கொள்கிறேன்.

முதலில் சட்டியைச் சாப்பாட்டுக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தோம். அங்கே போக மறுத்தது. நாமும் மறுப்போம். பிறகு மோட்டார் சுவிட்சுக்குக் கீழே வைத்தோம். மோட்டார் அலறிய அன்று மறுபடியும் மூட்டை இடுக்கு. மூக்கை அதில் தேய்த்து இரண்டு தட்டுத் தட்டுவது நம் வழக்கம். அதில் குட்டி கற்றுக்கொள்வது ஒன்றுதான்: இந்த ஆள் இருக்கும்போது கழிக்கக் கூடாது. பிறகு கட்டில் அடி, பீரோ பின்புறம் என்று ஒளியும். ஒரு பூனைக்கு இரண்டு சட்டி வைப்பது நல்லது. தவறிய இடத்தைச் சோப்பும் வினிகரும் கலந்த தண்ணீரில் கழுவினால் போதும். பிளீச்சிங் பவுடர் வேண்டாம். மூத்திரத்தின் அமோனியாவோடு சேர்ந்து விஷவாயு கிளம்பும். வளர்ந்த கடுவன் சட்டியில் உட்கார்ந்து முக்கிக்கொண்டே இருந்தால் மலச்சிக்கல் என்று நினைத்து விளக்கெண்ணெய் தேடாதீர்கள். மூத்திரக் குழாய் அடைத்திருக்கலாம். அன்றே மருத்துவரிடம் போகாவிட்டால் பிழைக்காது.

மிச்சமிருந்தது கர்ப்பிணி விஷயம். அம்மா சொன்னது மூடநம்பிக்கை என்று தள்ளிவிட எனக்கும் ஆசைதான். ஆனால் முடியாது. டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி பூனையின் குடலில்தான் முட்டை வைக்கிறது. 1908லேயே கண்டுபிடிக்கப்பட்ட கிருமி இது. பூனை மலத்தில் அதன் முட்டை வெளிவருவதை 1970 வாக்கில் உறுதிசெய்தவர்களில் ஒருவர், இந்தியாவில் படித்த கால்நடை விஞ்ஞானி ஜே.பி. துபே. கர்ப்ப காலத்தில் முதன்முறையாகத் தொற்றினால் சிசுவின் கண்ணையும் மூளையையும் பாதிக்கலாம், கருச்சிதைவும் ஆகலாம்.

ஆனால் சாக்குப் பைக்கு அவசியமில்லை. ஒரு பூனை பொதுவாக வாழ்நாளில் ஒரு தடவை, ஒன்றிலிருந்து மூன்று வாரம் வரைதான் முட்டையைக் கழிக்கிறது. கழித்த உடனே அது தொற்றாது. முதிர்வதற்கு ஒரு நாளிலிருந்து ஐந்து நாள் பிடிக்கும். எனவே சட்டியை அன்றாடம் காலி செய்தால், அதுவும் கர்ப்பிணி அல்லாத ஒருவர் செய்தால், ஆபத்து மிகக் குறைவு. பூனைக்குப் பச்சை இறைச்சி கொடுக்காமல், எலி பிடிக்க விடாமல் வைத்தால் இன்னும் குறைவு. முட்டைகள் ஈர மண்ணில் ஒரு வருடத்துக்கு மேல்கூடக் கிடக்கும், சூட்டில் சாகும். கடலை வறுக்கிற யோசனை அம்மா அறியாமலே சரியாக இருந்தது இப்படித்தான். உண்மையில் சரியாக வேகாத கறியும், மண்ணோடு வந்த கீரையைக் கழுவாமல் தின்பதும், வெறுங்கையால் தோட்டம் கொத்துவதும் வீட்டுப் பூனையைவிட அதிகம் பயப்பட வேண்டியவை. அக்கா மகள் ரத்தப் பரிசோதனைக்குப் போய் வந்தாள். "சின்னம்மா, பூனையைத் தொடலாமாம். சட்டியைத் தொடக் கூடாதாம்" என்றாள்.

சட்டி வேலை இப்போது அக்கா மகனுடையது. தினமும் பள்ளிக்கூடம் போகுமுன் சல்லடைக் கரண்டியால் அள்ளித் தென்னந்தோப்பின் ஓரத்தில் ஆழக் குழி தோண்டிப் புதைத்துவிட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவுகிறான். காய்கறிப் பாத்திக்குப் பக்கத்தில் கூடாது என்று சொல்லிவைத்திருக்கிறேன். பினாயில் பாட்டில் மாட்டுக் கொட்டகை உத்தரத்துக்குப் போய்விட்டது.

போன வாரம் தொலைபேசியில் அம்மாவிடம் குட்டி எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "அதுக்கென்ன, என்ற கட்டல்ல படுத்துத் தூங்குது" என்றார். கொஞ்சம் நிறுத்தி, "ஆனா கண்ணு, பினாயில் வாசமில்லாம வீடு கழுவுன மாதிரியே இல்லே."