ஓவனுக்குள் போன வாய்ப்பன்

அப்பிள் பிரிற்றரை எண்ணெயில் போடாமல் ஓவனில் வைத்து எடுக்கிற வீடியோக்கள் இப்ப எங்கட போன்களுக்குள்ளும் வந்துவிட்டன. அமெரிக்காவில் டோனட் கடைகளில் விற்கிற சாமான் அது. சின்னதாக வெட்டின அப்பிள், கறுவாத்தூள், மாக்கலவை, மேலே ஐசிங் சீனிப் பாகு. தட்டை வெளியே எடுக்கேக்க ‘ஹெல்தி’ எண்டு ஒரு சொல் கட்டாயம் வரும். அப்பிள் விக்கிற விலைக்கு அதை ஆஸ்பத்திரியில் ஆளைப் பார்க்கப் போகேக்கதான் வாங்கலாம் எண்ட நிலைமையில் இருக்கிற நாங்கள், கனிஞ்ச இதரை வாழைப்பழத்தைப் பிசைந்து அதே முறையில் வாய்ப்பனைச் செய்யத் தொடங்கிவிட்டோம். வாய்ப்பனும் பிரிற்றர்தானே. பழம், கோதுமை மா, சீனி, எண்ணெய்.

இது நல்ல வேலைதான் எண்டதுதான் எங்கட கட்சி. ஆனால் சொல்லப்படுகிற காரணம் பிழை.

முதலில் கணக்கைப் பார்ப்போம். கால் கிலோ கோதுமை மா, 100 கிராம் சீனி, நல்லாக் கனிஞ்ச மூன்று பழம், இரண்டு தேக்கரண்டி பேக்கிங் பவுடர். இதில் 16 வாய்ப்பன் வரும் எண்டு வைப்போம். பொரித்தால் ஒவ்வொன்றும் ஒரு தேக்கரண்டி எண்ணெய் குடிக்கும் எண்டு எடுத்தால், எண்ணெயால் மட்டும் வருவது 40 கலோரி அளவு. ஓவனில் வைத்தால் அது இல்லை. ஆனால் ஓவன் ரெசிப்பியில் கலவைக்குள்ளேயே 50 கிராம் பட்டர் உருக்கி ஊத்தச் சொல்லுகினம், இல்லாட்டில் காய்ந்து போகும். அதைப் பங்கு போட்டால் ஒன்றுக்கு 22 கலோரி. ஆக மிச்சம் பிடித்தது 18. ஒரு தேக்கரண்டி சீனியில் 16 கலோரி இருக்கு. அப்பிள் பிரிற்றருக்கு ஊத்துற மாதிரி மேலே ஒரு கரண்டி ஐசிங் சீனிப் பாகு ஊத்தினால் மிச்சம் பிடித்ததும் போய், மேலதிகமாகவும் ஏறிவிடும்.

சீனியும் மாவும் எங்கேயும் போகவில்லை எண்டதுதான் இதில் முக்கியம். எங்கட வீடுகளில் சீனி வருத்தம் இல்லாத வீடு எத்தனை? அம்மம்மாவுக்கு முந்தி ஒரு வாய்ப்பனைப் பாதியாகப் பிய்த்துக் கொடுத்தவர்கள், இப்ப “இது ஓவனில் செய்தது, ஒண்டும் செய்யாது” எண்டு இரண்டு கொடுக்கிறார்கள். இது எங்களுக்குப் பயமாக இருக்கு. இரத்தத்தில் சீனியை ஏத்துறதில் முன்னுக்கு நிற்பது பழமும் சீனியும் கோதுமை மாவும். உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்ன அளவு, சேர்த்துக்கொள்ளும் சீனி ஒரு நாளின் மொத்தக் கலோரியில் 10 வீதத்துக்குக் கீழே, முடிந்தால் 5 வீதத்துக்குக் கீழே. 5 வீதம் எண்டால் பெரியவர் ஒருவருக்கு ஏறக்குறைய 25 கிராம். எங்கட கணக்கில் ஒரு வாய்ப்பனில் 6 கிராம், பழத்தில் இருக்கிற இனிப்பு வேறை. இரண்டு வாய்ப்பனும் சீனி போட்ட ஒரு தேத்தண்ணியும் குடித்தால் பின்னேரத்துக்குள்ளேயே முக்கால்வாசி முடிஞ்சுது. இந்தக் கணக்கை ஓவன் மாத்தாது.

இன்னொன்றையும் சொல்லவேணும். மாப்பண்டங்களை நல்ல சூட்டில் சிவக்க விடேக்க அக்ரிலமைட் எண்ட பொருள் உருவாகும் எண்டு 2002இல் சுவீடனில் கண்டுபிடித்தார்கள். அது பொரித்தாலும் வரும், ஓவனில் சிவக்க வைத்தாலும் வரும், பாணின்ர கருகின ஓரத்திலும் இருக்கு. அதுக்காக யாரும் பாணை விடப் போவதில்லை. ‘எண்ணெய் இல்லை, ஆபத்தும் இல்லை’ எண்ட வசனம் நிற்காது எண்டு காட்டத்தான் சொல்லுறம்.

அப்ப ஓவனால் என்ன பிரயோசனம்? எங்களுக்குத் தெரிந்து இரண்டு.

ஒன்று, பொரித்து முடிந்த பிறகு தாச்சியில் மிஞ்சிற எண்ணெய். வாய்ப்பன் மிதக்கவேணும் எண்டால் அரை லீற்றராவது ஊத்தவேணும். அதில் சீனியும் பழமும் கருகிக் கறுப்பாகியிருக்கும். 2021 ஏப்ரலில் பாம் எண்ணெய் இறக்குமதியை நிப்பாட்டி, அடுத்த வருசம் எல்லாச் சாமானும் விலை ஏறின காலத்தைப் பார்த்த எந்த வீட்டிலும் அந்த எண்ணெயை ஊத்த மனம் வராது. வடித்துப் போத்தலில் விட்டு, அடுத்த நாள் மிளகாய் பொரிச்சு, அதுக்கடுத்த நாள் தாளிக்க எடுப்பார்கள். திரும்பத் திரும்பச் சூடாக்கிற எண்ணெய் ஒக்சிசனோடு சேர்ந்து உடைந்து, தடித்து, குறைந்த சூட்டிலேயே புகை விடத் தொடங்கும். அது உடம்புக்குக் கூடாது. ஆகவே ஓவனால் வாற நன்மை இண்டைக்குத் தின்னுற வாய்ப்பனில் பெரிதாக இல்லை, நாளைக்கும் நாளையண்டைக்கும் சமைக்கிற கறியில்தான் இருக்கு. இதை ஒரு வீடியோவிலும் நாங்கள் கேட்கவில்லை.

மற்றது, அடுப்படியில் நிற்கிற ஆள். கலியாண வீட்டுப் பலகாரச் சூட்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். விடிய எழும்பி நாலைந்து பெண்கள் தாச்சிக்கு முன்னால் இருந்து, பின்னேரம் வரைக்கும் சுடுவார்கள். கதையும் சிரிப்பும் இருக்கும், அதை நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் வீட்டில் சும்மா ஒரு நாளில் வாய்ப்பன் சுடேக்க அந்தக் கதையும் இல்லை, சிரிப்பும் இல்லை. ஒரு ஆள் நிற்கும், மற்றவர்கள் மேசையில் இருந்து “இன்னும் இருக்கா?” எண்டு கேட்பார்கள். கடைசியாகச் சாப்பிட வருபவரும் அந்த ஆள்தான். எண்ணெய்ப் புகைக்குள் நிண்டு நிண்டு அவருக்குப் பசியே போயிருக்கும். ஓவன் எண்டால் தட்டை உள்ளே தள்ளிவிட்டு 20 நிமிசம் அவரும் இருக்கலாம். 16உம் ஒரே நேரத்தில் சூடாக வெளியே வரும், எல்லாரும் ஒண்டாகச் சாப்பிடலாம். எங்களைக் கேட்டால் பட்டர் கணக்கை விட இது பெரிய காரணம். (ஆம்பிளைகள் தாச்சிக்கு முன்னால் நிண்டாலும் இந்தப் பிரச்சினை தீரும். அதுக்கு ஓவன் வாங்கவும் தேவையில்லை.)

“பொரிக்காட்டில் அது வாய்ப்பனே இல்லை” எண்டு சண்டைக்கு வாறவர்களுக்கும் ஒரு பதில் இருக்கு. எங்கட தமிழில் ‘சுடுறது’ எண்ட சொல் எல்லாத்துக்கும் பொது. தோசை சுடுவோம், வடை சுடுவோம், பேக்கரியில் பாண் சுடுவார்கள். ஒல்லாந்தரைப் பாருங்கோ. அவர்கள் வருசப்பிறப்புக்கு முதல் நாள் இரவு அப்பிளை வட்டமாக வெட்டி மாவில் தோய்த்துப் பொரிக்கிறவர்கள். அதையே இன்னொரு விதமாக, பேஸ்ட்ரிக்குள் மடித்து ஓவனிலும் வைப்பார்கள். எதை எந்தப் பேரால் கூப்பிடுறது எண்டு அவர்களுக்குள்ளேயே ஊருக்கு ஊர் வித்தியாசம். சிங்கள வருசப்பிறப்புக்குச் சுடுகிற கொக்கிஸ் எண்ட பேரும் ஒல்லாந்தரின்ர ‘குக்யெஸ்’ எண்ட சொல்லில் இருந்து வந்தது எண்டுதான் சொல்லுவார்கள். அது அங்க ஓவனில் வைக்கிற பிஸ்கற். இங்க அந்தப் பேர் தேங்காய்ப்பாலும் அரிசிமாவும் சேர்ந்த, எண்ணெயில் பொரிக்கிற பலகாரத்துக்கு வந்து ஒட்டியிருக்கு. போறணை பேக்கரியில் இருந்தது, வீட்டில் இருந்தது தாச்சி. முந்தி கேக் அடிச்சால் தட்டைத் தூக்கிக்கொண்டு பேக்கரிக்குப் போனவர்கள் எங்கட ஆக்கள். நாங்கள் பொரிக்கிறதுக்குக் காரணம் கெட்ட பழக்கமும் இல்லை, பெரிய பாரம்பரியமும் இல்லை. அடுப்புத்தான்.

ஓவன் இருக்கிற வீடுகளைப் பற்றித்தான் இவ்வளவும் கதைக்கிறம் எண்டதையும் மறக்கேல்லை. 1500 வாற்ஸ் ஓவனை அரை மணித்தியாலம் போட்டால் கூடினது முக்கால் யூனிற். சின்னக் கணக்குத்தான். ஆனால் 2022 ஓகஸ்டிலும் 2023 பெப்ரவரியிலும் மின்சாரக் கட்டணம் ஏறின ஏற்றத்துக்குப் பிறகு, மாதம் 60 யூனிற்றைத் தாண்டாமல் இருக்கப் பார்க்கிற வீட்டில் முக்கால் யூனிற்றும் யோசிக்கவேண்டிய விசயம். அவர்கள் பொரிக்கட்டும். கனடாவில் இருந்து எயார் பிரையர் கொண்டு வாறம் எண்டு நிற்கிற மாமாமாருக்கு ஒரு சொல்லு: அங்க 120 வோல்ற், இங்க 230. அப்படியே பிளக்கைக் குத்தினால் வாய்ப்பனுக்கு முதல் மெசின் வெந்துவிடும்.

செய்து பார்க்கிறவர்களுக்கு. எண்ணெய் நாலு பக்கத்தாலும் ஒரே நேரத்தில் சூட்டைக் கொடுக்கும், அதனால் கலவை விழுந்த உடனே வெளியே தோல் கட்டி உருண்டையாக நிற்கும். ஓவனுக்குள் இருக்கிற காற்று அவ்வளவு வேகமாகச் சூட்டைக் கொடுக்காது. தோல் கட்ட முதல் கலவை தட்டையாகப் பரந்துவிடும். ஆகவே கரண்டியால் தட்டில் விடாமல் கப்கேக் அச்சில் விடுங்கோ, அல்லது கலவையை இன்னும் தடிப்பாக்குங்கோ. ஓவன் 200 பாகைக்கு முதலே சூடாகியிருக்கவேணும். மேலே எண்ணெய் கொஞ்சம் தடவினால்தான் சிவக்கும். அப்பிள் போடுறதெண்டால் கூடுதல் கவனம் வேணும், அப்பிளில் நூற்றுக்கு 85 பங்கு தண்ணி. பச்சையாகப் போட்டால் சாறு விட்டு அடிப்பக்கம் நொளுநொளுத்துப் போகும். கறுவாத்தூளோடு அடுப்பில் வைத்துத் தண்ணி வத்தும் வரைக்கும் பிரட்டி, ஆறவிட்டுச் சேருங்கோ. கறுவாவாவது எங்கட நாட்டில் விளையுது. ஐசிங் பாகு வேண்டாம். பழம் கறுக்கக் கனிஞ்சிருந்தால் 100 கிராம் சீனி 60 போதும், இதைப் பொரிக்கேக்கயும் செய்யலாம்.

பொரித்த வாய்ப்பனின்ர அந்த மொறுமொறுத்த தோல் இதில் வராது. உள்ளுக்குள் மெத்தெண்டு, பணிசுக்கும் கேக்குக்கும் நடுவில் ஒரு சாமானாக இருக்கும். நாங்கள் அதைப் பின்னேரத்துக்கு விரும்பிச் சாப்பிடுறம். மழை பெய்கிற நாளில் தாச்சியைத்தான் வைப்போம், நாலு பேருக்கு எட்டு, கொஞ்ச எண்ணெயில்.

அடுத்தது பயித்தம்பணியாரத்தையும் ஓவனில் வைக்கலாமோ எண்டு கேட்டவர்களுக்கு: ஏலாது. பயத்தம்மா உருண்டையைக் கரைசலில் தோய்த்துப் போடுற பலகாரம் அது. தட்டில் வைத்தால் கரைசல் முழுக்க வழிந்து கீழே தேங்கி நிற்கும், உருண்டை மேலே மொட்டையாக இருக்கும்.