நூலறைக்கு ஓர் ஈரமகற்றி

கல்விச் செல்வத்தை வெள்ளமும் தீயும் அழிக்கமாட்டா என்பது நம் முன்னோர் கொள்கை. கல்வி அழியாதிருக்கலாம்; அதனைத் தாங்கி நிற்கும் ஏடும் தாளும் இரண்டினாலும் அழிவனவே. தீயின் கொடுமையை நம் நாடு கண்டிருக்கிறது. 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறக்குறைய 97,000 நூல்கள் சாம்பராயின. அத்துயரை இன்றும் நினைந்து வருந்துகிறோம். ஆயின் ஆண்டுதோறும் ஓசையின்றி நூல்களைத் தின்னும் நீரின் பகையைப் பற்றிப் பேசுவார் அரியர். கல்லூரியின் விழா மலரிலே அதுபற்றிச் சில சொல்லுதல் பொருத்தமென எண்ணுகிறேன்.

புனித அன்னம்மாள் திருத்தலத்தினாற் புகழ்பெற்ற தலவில, கற்பிட்டிக் குடாநாட்டில் உள்ளது. ஒருபுறம் புத்தளக் களப்பு, மறுபுறம் பெருங்கடல். இங்கு வாழும் எம்போல்வார்க்கு ஈரக்காற்றின் இயல்பை எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. புத்தளம் உப்புக்குப் பேர்போன இடம். அவ்வுப்பே நமக்கு ஓர் அளவுகருவியுமாகும். காற்று, தான் கொள்ளத்தக்க நீராவியில் எத்தனை பங்கைக் கொண்டுள்ளது என்பதே சாரீரப்பதன். அது நூற்றுக்கு 75ஐத் தாண்டினால் தூய உப்பும் கசியத் தொடங்கும். நூலிற் பூஞ்சணம் படர அவ்வளவும் வேண்டா. 65க்கு மேற் பல நாள் நின்றாலே போதும். சாடியில் உப்புக் கசிகின்ற வீட்டில், அலுமாரியிலுள்ள புத்தகம் நலமாயிருக்கிறது என எண்ணுதல் பேதைமை.

நம் முன்னோர் இதனை அறியாதவரல்லர். விதைகளை அடுப்பின் மேலே கட்டிவைத்தனர். ஏடுகளுக்கு மஞ்சள் பூசினர். வசம்பும் வேப்பிலையும் இட்டனர். கலைமகள் விழாவிலே, மாரி தொடங்குமுன், நூல்களை வெளியே எடுத்துத் தூசு தட்டினர். இவையெல்லாம் பூச்சியை விலக்கும். ஏட்டுக்குச் சிறிது காற்றோட்டமும் தரும். காற்றிலுள்ள நீரை அவை குறைக்கமாட்டா. அப்பணிக்கு இன்று ஈரமகற்றி என்னும் சிறு பொறி உண்டு. கடையில் டீஹியூமிடிபையர் என்று கேட்டால் தருவார்கள்.

அதன் தொழில் எளிது. குளிர்நீர் நிரம்பிய செம்பின் புறத்தே நீர் முத்துமுத்தாக அரும்புவதை நாம் கண்டிருக்கிறோம். பொறியினுள்ளே குளிர்ந்த குழாய்களின்மீது அறைக்காற்று செலுத்தப்படுகிறது. நீராவி துளியாகித் தொட்டியில் விழுகிறது. உலர்ந்த காற்று வெளியேறுகிறது. தொட்டி நிறைந்ததும் பொறி தானே நின்றுவிடும். இது அறையைக் குளிர்விப்பதன்று. சிறிது வெப்பமூட்டவும் செய்யும்.

இங்கே ஒரு கணக்கைக் கருதுக. பத்தடி நீள, அகல, உயரமுள்ள அறையில் 30 பாகை செல்சியஸ் வெப்பத்தில், சாரீரப்பதன் 80 ஆயின், காற்றிலுள்ள நீர் ஏறக்குறைய 680 கிராம். அதனை 55க்குக் குறைத்தால் எஞ்சுவது ஏறக்குறைய 470 கிராம். அகற்ற வேண்டியது ஒரு குவளை நீரே! ஆயின் கதவைத் திறந்துவைத்தால் அக்குவளை மீண்டும் மீண்டும் உள்ளே வந்துகொண்டிருக்கும். சாளரத்தைத் திறந்து பொறியை இயக்குபவன் கடலை இறைக்கப் புகுந்தவனாவான். சுவரும் மரமும் தாளும் உண்ட நீரும் மெல்ல மெல்லக் கசியுமாதலால், முதற் சில வாரங்களில் தொட்டி விரைந்து நிறையும். அது கண்டு மலைக்க வேண்டா.

பூட்டிய அலுமாரியே போதாதா என்பர் சிலர். ஈரத்தோடு பூட்டினால் ஈரமும் உள்ளேயே சிறைப்படும். மூடுதலும் உலர்த்துதலும் ஒருங்கே வேண்டும். மின்செலவு மிகுமே என்பர் வேறு சிலர். நூலகம் முழுவதற்கும் பொறி வைக்கச் சொல்கிறேனல்லேன். அரிய பொருள்களுக்கென ஒரு சிற்றறை ஒதுக்கினாற் போதும். அதற்கான பொறி மூன்று நான்கு மின்விசிறிகள் கொள்ளுமளவு மின்சாரமே கொள்ளும். அதுவும் இடைவிடாது ஓடுவதன்று. தனி அலுமாரிக்குச் சிலிக்கா ஜெல் மணிகளே போதுமானவை. நிறம் மாறியதும் சூடாக்கி மீண்டும் பயன்படுத்தலாம். எல்லாவற்றையும் படம்பிடித்துக் கணினியில் ஏற்றிவிடலாமே என்பாரும் உளர். 2005ஆம் ஆண்டு முதல் நூலகம் திட்டம் ஆற்றிவரும் அப்பணி போற்றத்தக்கது. ஆயினும் ஒன்றோடொன்று ஒட்டிப்போன தாள்களை எந்தக் கருவியாற் படம்பிடிப்பது?

எச்சரிக்கை ஒன்றும் உண்டு. மிக உலர்ந்தாலும் ஏடு நொறுங்கும். 40க்குக் கீழே இறங்க விடலாகாது. 50க்கும் 55க்கும் இடையே நிறுத்துதல் நன்று. ஈரமானி ஒன்றைச் சுவரில் மாட்டி, நாள்தோறும் அளவைக் குறித்துவர வேண்டும்.

கற்பிட்டியிற் பிறந்த சைமன் காசிச்செட்டி, தமிழ்ப் புலவர் சரிதங்களைத் திரட்டி 1859இல் ‘தமிழ் புளூட்டாக்’ என்னும் ஆங்கில நூலை வெளியிட்டார். முன்னிருந்தோர் பேணிவைத்தவை இல்லையேல் அத்தகைய பணி எங்ஙனம் கைகூடும்? நாளை நம் கல்லூரியின் வரலாற்றை எழுதப் புகுவோனுக்கும் சேர்வு இடாப்புகளும், அதிபர்களின் குறிப்பேடுகளும், பழைய மலர்களும் வேண்டும். இவற்றிற் பலவற்றுக்கு மறுபடி இல்லை.

விழாக்காலங்களில் வளைவும் சிலையும் கல்வெட்டும் அமைக்கப் பொருள் திரட்டுகிறோம். அவற்றை நான் வேண்டாவென்று கூறேன். அவற்றுள் ஒன்றன் செலவிற் சிறுபகுதியைக்கொண்டு ஓர் உலர்ந்த அறையைப் பழைய மாணவர் சங்கம் அமைத்துத் தரலாம். பொறியைப் பழைய மாணவர் வாங்குக. ஆசிரியர் ஒருவர் அறையின் சாவியைப் பேணுக. மாணவர் முறைவைத்துத் தொட்டி நீரைக் கொட்டி அளவைக் குறிக்குக. இம்மலரின் ஒரு பிரதியே அவ்வறையில் முதலிற் குடியேறுமாக.